உறுமலுக்கு எழுதிய எட்டுப் பாட்டு

என் தம்பி ஹெவி மெட்டல் வாசிக்கத் தொடங்கியபோது நான் பெங்களூர் அல்சூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அப்பா, நான், தம்பி என்று மூன்று பேர். அப்பா அரசுத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அவருடைய பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. காலையில் காபி ஆயிற்றா என்பார், சாயங்காலம் கதவைச் சாத்தினாயா என்பார். அந்த மௌனத்துக்குப் பதிலாகத்தான் தம்பி அவ்வளவு சத்தமான சங்கீதத்தைப் பிடித்துக்கொண்டான் என்று பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

பின்னால் இருந்த அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வந்ததும் அங்கே வாசிப்பார்கள். தம்பி கிட்டார். அவனோடு கல்லூரியில் படித்த இரண்டு பேர் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும். பாடுகிறவன் பொம்மசந்திராவில் பம்பு மோட்டார் செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து பொம்மனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவ்வளவு சாதுவான பையனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்பதற்கே இரண்டு தடவை தொண்டையைச் செருமுவான். ஆனால் பாட்டு ஆரம்பிக்கும் முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான், அதன் பிறகு அவனிடமிருந்து வருவது, கிணற்றுக்குள்ளே ஒரு லாரி கிளம்புவதைப் போலிருக்கும். பாட்டு முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ரொம்ப சத்தமாயிடுச்சா அக்கா?" என்று என்னிடம் கேட்பான்.

அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. டிரம்ஸ் ஆரம்பித்ததும் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளி கேட்டுக்குப் போய்விடுவார்.

நான் பாட்டு எழுத வந்தது சண்டையில்தான். தம்பி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த பாட்டுகளை ஒரு நாள் எதேச்சையாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வாள், ரத்தம், டிராகன். எழுவாய்க்கும் பயனிலைக்கும் சம்பந்தமே இல்லை. கை சும்மா இராமல் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்தேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. வாளை எங்கேயாவது கண்ணால் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். "அப்போ நீயே எழுதேன்" என்று நோட்டை என் மடியில் போட்டுவிட்டுப் போனான்.

எழுதினேன். ஆங்கிலத்தில்தான். முதல் பாட்டு, பாடுகிற பையன் சொன்னதை வைத்து. விடியற்காலையில் ஓசூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸில் போகும்போது உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் ஒரே பக்கமாகத் தலை சாய்ந்து தூங்குவார்களாம், பிரேக் போட்டால் அத்தனை தலையும் சேர்ந்து நிமிருமாம். அதை எழுதிக் கொடுத்ததும் அவன் இரண்டு முறை படித்துவிட்டு, இதைப் பாடும்போது எனக்கு யாரையும் திட்டுவது மாதிரி நடிக்க வேண்டியதில்லை அக்கா என்றான். பிறகு ஏரியைப் பற்றி ஒன்று, பரீட்சை ஹாலைப் பற்றி ஒன்று. அவன் வாயிலிருந்து வரும்போது ஒரு சொல்கூட யாருக்கும் புரியாது. எழுதிய எனக்கே புரியாது. மெல்ல அது எனக்கு ஒரு வசதியாகத் தெரிய ஆரம்பித்தது. யாருக்கும் கேட்காது என்றால் எதை வேண்டுமானாலும் எழுதலாமே.

அப்படி எழுதியதுதான் ஆறாவது பாட்டு. அது அப்பாவைப் பற்றியது.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு வாரமும் அப்பா அவள் அறைக்குள் சரியாக வந்து நின்றதே இல்லை. வராந்தாவில் ஒரு மர பெஞ்சு இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதில் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நான்தான் உள்ளே. அம்மாவுக்கு முதுகு தேய்ப்பதும் வாயைத் துடைப்பதும் நான். வெளியிலிருந்து அவர் இருமுவது மட்டும் கேட்கும். உள்ளே வர தைரியம் இல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன். அம்மா இறந்த அன்று காலையிலும் அவர் வெளியேதான் இருந்தார். அதை அவரிடம் நான் கேட்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. பாட்டில் ஒரு வரி இப்படி: கதவுக்கு வெளியே அவன் இருமுகிறான், உள்ளே வரவில்லை. எழுதி முடித்தபோது உடம்பு லேசானதைப் போலிருந்தது. யாரைப் பற்றி என்று தம்பி கேட்கவில்லை. மெட்டு மட்டும் மற்ற பாட்டுகளைவிட மெதுவாகப் போட்டான்.

எட்டுப் பாட்டு சேர்ந்ததும் கேசட் போடலாம் என்று முடிவு செய்தார்கள். சாமராஜ்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஸ்டுடியோ. அங்கே பதிவானதெல்லாம் பக்திப் பாட்டுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஒலி கலக்கும் மிக்ஸர் மேல் தினமும் ஒரு செம்பருத்திப் பூ இருக்கும். ரெக்கார்டிங் இன்ஜினியருக்கு என் வயதுதான் இருக்கும். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். மெட்டல் என்ற ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் பாட்டின் முதல் வரியில் பையன் உறுமியதும் ஹெட்போனைக் கழற்றி வயரை இழுத்துப் பார்த்தார், எங்கேயோ லைன் கோளாறு என்று.

எங்களுக்கு அடுத்து ஒரு பஜனைக் கோஷ்டி பதிவுக்குக் காத்திருந்தது. பட்டுப்புடவை கட்டிய ஏழெட்டுப் பெண்கள் படிக்கட்டில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளையில் பையன் வெளியே வந்தபோது அதில் ஓர் அம்மாள் அவனை அருகில் கூப்பிட்டுத் தொண்டைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்து, கைநிறையக் கல்கண்டு கொடுத்தாள். அவனும் மறுக்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போய் உறுமினான்.

ஆறாவது பாட்டு வந்தபோது இன்ஜினியர் பதிவை நிறுத்திவிட்டார். பாட்டின் சொற்களை அவர் சாஹித்யா என்பார். எந்தப் பாட்டாக இருந்தாலும் சாஹித்யா புரியாமல் மைக் வைத்து அவருக்குப் பழக்கமில்லை, முதல் ஐந்தையும் எப்படியோ பொறுத்துக்கொண்டார். இது மற்றதைப் போல இல்லை, பையன் மூச்சு வேறு மாதிரி வருகிறது, என்ன பாடுகிறான் என்று தம்பியிடம் கேட்டார். தம்பி என்னைக் காட்டினான்.

"அர்த்தா சொல்லி மேடம். அர்த்தா தெரிஞ்சாத்தான் வாய்ஸ எங்க வெக்கணும்னு எனக்குத் தெரியும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்கு பேரும் வாத்தியத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். நான் அவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். ஆஸ்பத்திரி, பெஞ்சு, இருமல் எல்லாவற்றையும். அதற்கு முன் ஒருவரிடமும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, எழுந்துபோய் மைக்கைப் பையனின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். கிட்டார் சத்தத்தைக் குறைத்தார். அந்தப் பாட்டில் மட்டும் குரல் ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து வருவதைப் போலக் கேட்கும். அந்தக் கேசட்டில் உருப்படியான பாட்டு அதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதி அவருடைய காது.

வம்பும் அவரிடமிருந்துதான் வந்தது. எல்லாம் முடிந்து கிளம்பும்போது, இவ்வளவு நல்ல சாஹித்யாவை எழுதி வைத்துக்கொண்டு இப்படி யாருக்கும் புரியாமல் விடலாமா, கேசட் அட்டையில் அச்சடித்துப் போடுங்கள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு அது பெரிய யோசனையாகப் பட்டது. எனக்கு அப்போது பரீட்சை நேரம், விடைத்தாள் கட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நான் அட்டையைப் பார்த்தபோது அச்சாகியே வந்துவிட்டது. எறும்பு அளவு எழுத்தில் எட்டுப் பாட்டும் முழுதாக இருந்தன. எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரின் முதல் எழுத்து மட்டும். என் ஒரே ஆறுதல் அந்த எழுத்தின் அளவுதான். அப்பாவின் கண்ணாடிக்கு அது எட்டாது என்று நினைத்தேன்.

அட்டையின் முன்பக்கத்தில் ஒரு கை எலும்பின் எக்ஸ்ரே. டிரம்ஸ் வாசிக்கிற பையன் ஏரி முனையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது எடுத்தது. பார்க்க பயங்கரமாக இருந்ததால் அதையே போட்டுவிட்டார்கள்.

அட்டைப்பெட்டி நிறைய வந்த கேசட்டுகள் பிரிகேட் ரோடு பக்கம் ஒரு கடையிலும், கல்லூரி விழாக்களிலும், கைக்குக் கை மாறியும் போயின. ஒன்று என் பள்ளிக்கே வந்து சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அண்ணனுடையதை எடுத்து வந்து பெஞ்சுக்கு அடியில் தோழிகளுக்குக் காட்டியிருக்கிறாள். கணக்கு டீச்சர் பிடித்து, தலைமை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டார். மதியம் எனக்கு ஆள் வந்தது.

எங்கள் தலைமை ஆசிரியை நாங்கள் போகும் சர்ச்சுக்கே வருகிறவர். அம்மாவுக்கு நெருங்கிய சிநேகிதி. ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு முறையாவது வருவார். ஆனால் பள்ளிக்குள் அந்த உறவையெல்லாம் அவர் கொண்டுவந்ததில்லை. மேஜைமேல் கேசட் கிடந்தது. நீ ஆங்கில ஆசிரியை, இதைப் படித்துவிட்டு இது சாத்தானைப் பற்றியதா என்று எழுதிக் கொடு என்றார். நான் எழுதியதைப் பற்றி நானே அறிக்கை எழுத வேண்டும். அட்டையைக் கையில் எடுத்து, படிப்பதைப் போல நின்றேன். இது எலும்பு முறிவு எக்ஸ்ரேதான் மேடம், சாத்தான் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஆறாவது பாட்டுல ஒரு செமிகோலன் இருக்கு. சரியான எடத்துல இருக்கு. இந்த ஸ்கூல்ல அதப் போடத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்."

ஆமாம் மேடம் என்றேன். அந்தப் பெண்ணைத் தண்டிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அட்டையை என்னிடமிருந்து வாங்கி மறுபடி ஆறாவது பாட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அந்த பெஞ்ச பத்தி உனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சியா?" என்றார்.

என்ன மேடம் என்று கேட்டேன். அதை நான் சொல்லக்கூடாது, சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று கேசட்டை மேஜை டிராயருக்குள் வைத்து மூடிவிட்டார். அறிக்கையைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் காம்பவுண்டில் எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, தலைமை ஆசிரியை தன் கைப்பையைத் திறந்து அப்பாவிடம் எதையோ கொடுப்பதைப் பார்த்தேன். அப்பா அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை நான் பள்ளி விட்டு வந்தபோது அப்பா சாப்பாட்டு மேஜையில் அட்டையைப் பரப்பி, பைபிள் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டார். அன்றும் மறுநாளும் காபியைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. தம்பியிடம் சொன்னேன். அவன் பயந்துபோய் அந்த வாரம் ஒத்திகையே வேண்டாம் என்றான். யாரைப் பற்றிய பாட்டு என்பது அவனுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் நான் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார். மடித்த அட்டை கையில் இருந்தது. நல்ல ஆங்கிலம் என்றார்.

"உங்கம்மாதான் என்னை உள்ள வர வேணான்னா."

பேனாவை வைத்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தே பேசினார். ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் இரண்டு நாள், நான் லீவு போட்டு வரும் முன், உள்ளேதான் இருந்தாராம். அவர் முகத்தைப் பார்த்தால் தன் வியாதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது, தைரியம் போய்விடுகிறது, என் கண்ணில் படாமல் வெளியே உட்காருங்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மகள் முகம் பரவாயில்லை, அவள் கோபமாகவே இருக்கிறாள், கோபத்தைப் பார்த்தால் எனக்குத் தெம்பாக இருக்கிறது என்றாளாம். ஆனால் வீட்டுக்குப் போய்விடக்கூடாது. இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும், அப்பப்போ இருமுங்கள் என்று கேட்டுக்கொண்டாளாம். இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று அவரிடம் வார்த்தையும் வாங்கியிருக்கிறாள். அவர் சொன்னது அம்மாவின் சிநேகிதியிடம் மட்டும்தான், அதுவும் உள்ளே போகாததற்குத் தலைமை ஆசிரியை அவரை வராந்தாவில் வைத்துத் திட்டியபோது.

"நான் இருமுனா அவ கட்டில் கம்பிய தட்டுவா, மோதிரத்தால. கேட்டுச்சுன்னு அர்த்தம். கடைசி நாள் காலைலயும் இருமுனேன்மா. ரெண்டு மூணு தரம் இருமுனேன். தட்டல."

அம்மா கம்பியைத் தட்டுவது எனக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் வலிக்கிறதா அம்மா என்று கேட்டு நான் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன். அவளும் பிடித்துக்கொள்ள விட்டுவிடுவாள்.

நான் அழுத அழுகையில் தம்பி பின்னறையிலிருந்து ஓடிவந்துவிட்டான். மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா என்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. அவர் எழுந்து என் தலையில் கை வைத்தார். நீ பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாய், பார்த்ததில் பொய் ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் தம்பியிடம் திரும்பி, அந்தப் பாட்டைப் போடு, கேட்க வேண்டும் என்றார்.

தம்பி டேப்ரெக்கார்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அப்பா அட்டையை விரித்து, பூதக்கண்ணாடியோடு வரி வரியாகத் தொடர்ந்தபடி முழுப் பாட்டையும் கேட்டார். உறுமல் ஆரம்பித்தபோது எங்கள் இருவரால்தான் உட்கார முடியவில்லை. அவர் அசையாமல் கேட்டார். முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பையன் வயிற்றிலிருந்து எடுக்கிறான், நன்றாகத்தான் எடுக்கிறான், ஆனால் மூச்சு பாதி வரியில் தீர்ந்துவிடுகிறது என்றார். சர்ச் பாடகர் குழுவில் இருபது வருஷம் பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடியவர். அதை நாங்கள் இருவரும் மறந்தே போயிருந்தோம்.

அடுத்த ஞாயிறு பாடுகிற பையன் வீட்டுக்குள் நுழையவே தயங்கினான். தம்பி விஷயத்தைச் சொல்லியிருந்தான். கேட்டிலேயே நின்று, அங்கிள், எனக்கு அது உங்களைப் பற்றி என்று தெரியாது என்று தலையைக் குனிந்துகொண்டான். அப்பா அவனைச் சாப்பாட்டு மேஜைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, தன் கையால் குழம்பில் இருந்த நல்ல துண்டுகளைப் பொறுக்கி அவன் தட்டில் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவனைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று பென்சிலால் பாட்டுத்தாளில் குறித்துக் கொடுத்தார். அன்றைக்குப் பேப்பர் கேட்டுக்குப் போகவில்லை.

அச்சான அட்டையை நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்தப் பாட்டுக்கு இன்னும் ஒரு சரணம் எழுதினேன். உள்ளேயிருந்து கம்பியைத் தட்டுகிறவளைப் பற்றி. எழுதியதை முதலில் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார், மோதிரம் தங்கம் இல்லை, தங்க மோதிரத்துக்காகக் கழுத்துச் சங்கிலியை விற்க வேண்டாம் என்று அம்மா பிடிவாதம் பிடித்துப் போட்டுக்கொண்ட வெள்ளி மோதிரம் என்று. அதுவும் எனக்குத் தெரியாத கதை. திருத்தினேன்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் ஒரு கல்லூரி மைதானத்தில் பட்டப்பகலில் கச்சேரி. அப்பா சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கறுப்பு பனியனும் நீண்ட முடியுமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்த கூட்டத்தின் ஓரத்தில், என்னோடு கடைசிவரை நின்றார். ஆறாவது பாட்டில் புதிய சரணம் வந்தபோது கூட்டத்தில் யாருக்கும் ஒரு சொல் புரிந்திருக்காது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

இரண்டாவது கேசட் போட வேண்டும் என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள், நடக்கவில்லை. டிரம்ஸ் பையன் வெளிநாடு போனான். தம்பி ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து கல்யாணம் செய்துகொண்டான். பாடுகிற பையனுக்குக் கம்பெனி கோயம்புத்தூருக்கு மாற்றல் கொடுத்தது. அங்கிருந்து மாதத்துக்கு ஒரு முறையாவது போன் செய்வான், அங்கிள் இருக்கிறாரா என்றுதான் கேட்பான். இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசுவார்கள். அப்பா இறந்தபோது அவன்தான் முதல் பஸ் பிடித்து வந்து, கல்லறைத் தோட்டத்தில் கண்ணாடியைக் கழற்றாமலே, சாதாரணக் குரலில் எங்களோடு சேர்ந்து பாடினான்.

அந்தப் பாட்டுக்குப் பிறகு அப்பா எங்களோடு இருந்த ஒன்பது வருஷமும் வீட்டில் பேச்சு இருந்தது. சாயங்காலம் நான் நோட்டு திருத்த உட்கார்ந்தால் அவரும் எதிரில் வந்து உட்காருவார், அம்மாவைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்வார். கல்யாணமான புதிதில் அம்மா கன்னடம் தெரியாமல் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பதிலாக வேறென்னவோ கேட்டு, கடைக்காரி சிரித்த சிரிப்பில் வெறுங்கையோடு திரும்பி வந்தது. சைக்கிள் கற்றுக்கொள்கிறேன் என்று இவரை மூன்று நாள் பின்னாலேயே ஓடவைத்தது. பாதிக் கதைகளை அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். நான் திருத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.